ஸ்ட்ரீமிங் சந்தாவில் நேரலை சேனல்களைச் சேர்ப்பது எப்படி: கொங்கு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கேபிளையோ டிஷ்ஷையோ நிறுத்திவிட்டு, அல்லது குறைத்துக்கொண்டு, இணையத்தின் வழியே நேரலை சேனல்களைப் பார்க்க நினைக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து ஊர்களில் ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளுக்கு இதைச் செய்துகொடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் சேனலைத் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலையை முன்பின்னாக மாற்றிச் செய்திருந்தார்கள். ஆண்டுச் சந்தாவைக் கட்டிய பிறகு டிவியில் அந்தச் செயலி ஓடுமா என்று பார்த்தார்கள். கேபிளை நிறுத்திய பிறகு இரவு நேரத்து இணைய வேகத்தைச் சோதித்தார்கள். ஆகவே கீழுள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டும் படி ஏழாவதாகத்தான் வருகிறது.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசியாகக் கட்டிய கேபிள் அல்லது டிடிஎச் ரசீது, பிராட்பேண்ட் பில், வீட்டிலுள்ளவர்களின் மொபைல் ரீசார்ஜ் விவரம், டிவியின் மாடல் எண் ஆகியவை வேண்டும். மாடல் எண் பெரும்பாலும் டிவியின் பின்புறம் ஒட்டிய தாளில் இருக்கும்.

பிராட்பேண்ட் இணைப்பு எந்த மொபைல் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சந்தாக்கள் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி இல்லாமல் திறக்காது. வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணில் இணைப்பை வாங்கிவிட்டு, இங்கே வீட்டில் யாராலும் உள்ளே நுழைய முடியாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

1. யார், எதை, எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள்

சேனல் பட்டியலைப் பார்த்துத் தொடங்கக் கூடாது. வீட்டைப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஒரு தாளில் ஒரு வாரம், யார் எந்த நிகழ்ச்சியை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். கேட்டால் ஒவ்வொருவரும் இருபது சேனல் சொல்வார்கள். எழுதினால் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே 'அப்போதே வேண்டும்' என்றோ 'பிறகு பார்த்தாலும் போதும்' என்றோ குறியுங்கள். கிரிக்கெட், செய்தி, கோயில் விழா ஒளிபரப்பு ஆகியவை முதல் வகை. தொடர்கள் வீட்டுக்கு வீடு வேறுபடும். இரவு ஷிப்ட் தறிக்குப் போகிறவருக்கும், பனியன் கம்பெனியிலிருந்து ஒன்பது மணிக்கு வருகிறவருக்கும், தொடர் ஓடுகிற நேரத்தில் நேரலை இருந்தும் பயனில்லை. மறுநாள் செயலியில் பார்ப்பதே வசதி. வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கோ அந்த நேரத்தில் ஓடினால்தான் அது தொடர்.

இந்தப் பிரிப்பு எதற்கென்றால், நேரலைக்கும் பழைய பகுதிகளுக்கும் ஒரே நிறுவனம் வெவ்வேறு திட்டங்களை வைத்திருக்கலாம். 'பிறகு போதும்' என்ற வகை மட்டுமே உள்ள வீடு நேரலைக்கென்று கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை.

2. ஏற்கெனவே கட்டும் பணத்தைக் கணக்கெடுங்கள்

பிராட்பேண்ட் பில்லில் உள்ள திட்டத்தின் பெயரை அந்த நிறுவனத்தின் செயலியில் தேடி, அதனுடன் என்னென்ன ஓடிடி சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். மொபைல் ரீசார்ஜுக்கும் இதையே செய்யுங்கள். ஒரே ஓடிடிக்கு பிராட்பேண்டில் ஒன்று, கணவர் ரீசார்ஜில் ஒன்று, மகள் தனியாகக் கட்டியது ஒன்று என்று மூன்று சந்தா ஓடும் வீடுகளும் உண்டு. சேர்ந்து வரும் சந்தாவை நாமாகச் செயல்படுத்தினால்தான் அது வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேபிள் அல்லது டிடிஎச் பில்லில் மூன்று பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள்: இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை, 18 சதவீத ஜிஎஸ்டி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி கேபிளிலும் டிடிஎச்சிலும் ஒரே ஒரு சேனலைத் தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2022-இல் செய்த திருத்தத்தின்படி தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் தனி விலை மாதம் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. பேசிக் பேக் என்று ஒட்டுமொத்தமாகக் கட்டிவருகிறவர்கள், பட்டியலில் உள்ள நான்கைந்து சேனல்களைத் தனித்தனியாகக் கேட்டால் பில் எவ்வளவு ஆகும் என்று முதலில் ஆபரேட்டரிடம் கேளுங்கள். அந்தத் தொகையோடு ஒப்பிட்ட பின்பே ஸ்ட்ரீமிங் மலிவா என்று சொல்ல முடியும். சில வீடுகளுக்கு அது மலிவாக இருப்பதில்லை, அப்படியானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

3. எந்தச் சேனல் எந்தச் செயலியில் என்று கண்டறியுங்கள்

கேபிளில் சேனலை வாங்குகிறோம். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் சேனலின் உரிமையாளரை வாங்குகிறோம். சன் டிவி, கேடிவி, சன் மியூசிக், ஆதித்யா, சுட்டி ஆகியவை ஒரே குடும்பம். அவற்றின் வீடு சன் நெக்ஸ்ட். ஜீ தமிழுக்கு ஜீ5. விஜய், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ், கலர்ஸ் தமிழ் ஆகியவற்றின் உரிமையாளரான ஜியோஸ்டாரின் செயலி, 2025 பிப்ரவரியில் பெயர் மாறிய ஜியோஹாட்ஸ்டார். சோனி குழுமத்தின் விளையாட்டுச் சேனல்களுக்கு சோனிலிவ். உங்கள் தாளில் உள்ள சேனல்களை இப்படிக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்தால், உண்மையில் எத்தனை சந்தா தேவை என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு போதும்.

இலவசமாகக் கிடைப்பவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை யூடியூபில் நாள் முழுவதும் நேரலையாக ஓடுகின்றன. பொதிகை என்ற பெயரில் இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழாக மாறிய அரசுச் சேனல், பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியில் கிடைக்கிறது. செய்திக்காக மட்டும் ஒரு தொகுப்பை வாங்குவது வீண் செலவு.

இனி, சேனல் குடும்பம் சரியாக இருந்தாலும் ஏமாற வாய்ப்புள்ள இடங்கள். ஒரு சேனலின் தொடர்கள் ஒரு செயலியில் இருப்பதும், அந்தச் சேனலே நேரலையாக ஓடுவதும் ஒன்றல்ல. பணம் கட்டும் முன் செயலியை மொபைலில் இறக்கி, சேனலின் பெயரைத் தட்டித் தேடுங்கள். 'லைவ்' என்ற குறியுடன் சேனல் தெரிகிறதா, அல்லது தொடர்களின் படங்கள் மட்டும் வருகின்றனவா என்று பாருங்கள். பூட்டுக் குறி இருந்தால் அதைத் தொட்டு, எந்தத் திட்டம் அதைத் திறக்கும் என்று படியுங்கள். மலிவான திட்டத்தில் நேரலையே இல்லாமல் இருக்கலாம்.

உரிமைகள் தனித்தனியாக விற்கப்படுவதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2023, 2024 ஆகிய இரண்டு ஐபிஎல் பருவங்களில் டிவி உரிமை ஸ்டாரிடமும் இணைய உரிமை ஜியோசினிமாவிடமும் இருந்தன. டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் ஓடிய ஆட்டத்தை இணையத்தில் பார்க்க வேறொரு நிறுவனத்தின் செயலிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இரு நிறுவனங்களும் இப்போது ஒன்றாகிவிட்டன, ஆனால் விதி மாறவில்லை. ஒரு சேனலின் நேரலையை நீங்கள் செயலியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இணைய உரிமை இல்லாத படமோ ஆட்டமோ வந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் திரையில் அறிவிப்புப் பலகை நிற்கும். அதைச் செயலியின் கோளாறு என்று எண்ணி ரூட்டரை அணைத்துப் போடுகிறவர்கள் பலர். விளையாட்டுக்காக வாங்குகிறவர்கள் சேனலின் பெயரைத் தேடாமல், அந்தப் போட்டித் தொடரின் பெயரைத் தேடி, அதன் இணைய உரிமை யாரிடம் என்று பார்ப்பதே பாதுகாப்பு.

4. எந்த வழியாக வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்

ஒரே சேனல் தொகுப்பை வாங்க வழிகள் சில உண்டு. அந்தச் செயலியிலேயே நேரடியாகக் கட்டலாம். பிராட்பேண்ட் அல்லது மொபைல் திட்டத்தோடு சேர்ந்து வருவதை எடுக்கலாம். ஒரு ஸ்ட்ரீமிங் சந்தாவின் மேல் கூடுதலாக வேறு நிறுவனங்களின் சந்தாவைச் சேர்க்கலாம். இந்தியாவில் பிரைம் வீடியோ 2021 முதல் இப்படி மற்ற நிறுவனங்களின் தொகுப்புகளை ஆட்-ஆனாகத் தருகிறது. இந்த வழியில் அடிப்படைச் சந்தா காலாவதியானால், அதன்மேல் சேர்த்ததைப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதை மறக்கக் கூடாது. இரண்டின் புதுப்பிப்புத் தேதியையும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.

ஐபிடிவி என்பது இவற்றிலிருந்து வேறு. ஃபைபர் நிறுவனமே கேபிளைப் போல எண்களுடன் சேனல்களைத் தருகிறது. பிஎஸ்என்எல் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கு 2024 இறுதியில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் இந்தச் சேவையைத் தொடங்கியது. ஏர்டெல் 2025-இல் தொடங்கியது. பெரியவர்கள் அதிகமாக டிவி பார்க்கும் வீட்டுக்கு, நான்கு செயலிகளைக் காட்டிலும் இதுவே ஒத்துவரும் என்பது என் கருத்து. ஆனால் பிராட்பேண்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் சேனல்களும் அதோடு போய்விடும்.

தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், பில் யார் பெயரில் வரும், நிறுத்த வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும், பழுதானால் யார் பதில் சொல்வார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே விடை வந்தால் நல்லது. பிராட்பேண்ட் வழியாக வந்த சந்தாவுக்குச் செயலி நிறுவனத்தை அழைத்தால் பிராட்பேண்ட் நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்கள். அங்கே கேட்டால் மறுபடி இங்கே அனுப்புவார்கள். சேர்ந்து வரும் சந்தா மொபைலில் மட்டும் பார்க்கக்கூடிய குறைந்த வகையாகவும் இருக்கலாம். 'டிவியில் ஓடுமா, ஒரே நேரத்தில் எத்தனை திரை?' என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

மாதம் நூறு, இருநூறு ரூபாய்க்கு எல்லாச் சேனலும் வரும் என்று யாராவது ஒரு ஏபிகே கோப்பை, அதாவது செயலிக் கடைக்கு வெளியே நிறுவும் செயலியை, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை நிறுவாதீர்கள். அது திருட்டு ஒளிபரப்பு என்பது ஒருபுறம். வங்கிச் செயலியும் ஓடிபியும் இருக்கும் அதே மொபைலில், யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்கு அனுமதிகளை அள்ளிக் கொடுப்பது மறுபுறம்.

5. இணைய இணைப்பு தாங்குமா என்று சோதியுங்கள்

எச்டி நேரலைக்கு ஒரு டிவிக்கு நிலையாக 5 எம்பிபிஎஸ்ஸும், 4கே-க்குச் சுமார் 15 எம்பிபிஎஸ்ஸும் வேண்டும். இன்று கிடைக்கும் ஃபைபர் திட்டங்களில் வேகம் ஒரு சிக்கலே அல்ல. அந்த வேகம் டிவி இருக்கும் இடம் வரை வந்து சேர்வதுதான் சிக்கல். சோதனையை ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பகலில் செய்யாதீர்கள். டிவிக்கு முன் நின்று, ஊரே டிவி பார்க்கும் இரவு எட்டரை மணிக்குச் செய்யுங்கள்.

டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி செலவாகும். நாளுக்கு ஆறு மணி நேரம் டிவி ஓடினால் மாதம் 540 ஜிபி. பல ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பு 3,300 ஜிபி என்பதால் இது தாராளமாகப் போதும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினால், நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் எச்டியில் அரை மணி நேரத்தோடு தீர்ந்துவிடும். தோட்டத்துச் சாலையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஃபைபர் வரவில்லை என்றால், அங்கே டிஷ்ஷே இருக்கட்டும். ஸ்ட்ரீமிங்கை வலிந்து கொண்டுவர வேண்டாம்.

வீட்டுக்குள் சுவர்தான் எதிரி. பழைய வீடுகளின் கனத்த கல் சுவரையும், முன்கூடத்தில் ரூட்டரும் பின்கட்டில் டிவியும் என்ற அமைப்பையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது; 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் வேகம் குறையும். டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. பத்து மீட்டர் கேபிளுக்கு ஆகும் செலவு, படம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்வதைவிடக் குறைவு.

மின்சாரத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும். ஆனால் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியும் ரூட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் செருகப்பட்டிருக்கும். திரை எரிந்துகொண்டிருக்க, படம் மட்டும் வராது. இணைப்பு கொடுக்க வந்தவர் வாசலுக்குப் பக்கத்தில் கண்ணில் பட்ட பிளக்கில் செருகிவிட்டுப் போயிருப்பார். பெட்டியின் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், உள்ளங்கையளவு சிறிய ரூட்டர் யுபிஎஸ் ஒன்றே அதற்குப் போதும். இதற்குப் பிறகும் கரண்ட் போகும்போதெல்லாம் இணையம் நின்றால், கோளாறு உங்கள் வீட்டில் இல்லை; ஆபரேட்டர் தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டியில் பேட்டரி இல்லை என்று பொருள். கேபிளை நிறுத்தும் முன்பு அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று, பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதோடு நிற்காமல், கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய ஃபைபர் கம்பியையும் ஆட்டி அறுக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்குள் போகும் கம்பியின் மேல் மட்டை விழும். அறுந்த கம்பியை ஒட்ட ஆள் வர எத்தனை நாளாகிறது என்று அதே வரிசையில் இணைப்பு வாங்கிய பக்கத்துத் தோட்டத்தாரைக் கேட்டால் உண்மை தெரியும். அந்தப் பதிலைப் பொறுத்து டிஷ்ஷை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள்.

6. உங்கள் டிவியில் அந்தச் செயலி ஓடுமா என்று பாருங்கள்

ஸ்மார்ட் டிவி என்பதால் எல்லாச் செயலியும் வரும் என்று கொள்ள முடியாது. டிவியின் செயலிக் கடையைத் திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த செயலியின் பெயரை அங்கேயே தேடுங்கள். ஆண்ட்ராய்டு அல்லாத மென்பொருளில் ஓடும் டிவிகளிலும், வாங்கிப் பல ஆண்டுகளான டிவிகளிலும் சில தமிழ்ச் செயலிகள் கிடைக்காமலோ, திறந்ததும் மூடிக்கொள்பவையாகவோ இருக்கும்.

கிடைக்கவில்லை என்றால் டிவியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு ஸ்டிக் போதும். மொபைலில் ஓடுவதை டிவியில் காட்டும்படி காஸ்ட் செய்துகொள்ளலாம் என்ற யோசனை முதல் நாள் நன்றாக இருக்கும். மொபைலை எடுத்துக்கொண்டு அதன் சொந்தக்காரர் கடைக்குப் போன பிறகு, வீட்டிலிருப்பவர்கள் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

7. ஒன்றை மட்டும், ஒரே மாதத்துக்கு வாங்குங்கள்

இப்போதுதான் பணம் கட்டும் நேரம். உங்கள் தாளில் அதிக மணி நேரம் இடம்பிடித்த சேனல் குடும்பத்தின் சந்தாவை மட்டும் வாங்குங்கள். ஆண்டுத் திட்டம் மாதக் கணக்கில் மலிவாகத் தெரியும்; ஆனாலும் முதல் முறை மாதத் திட்டம் இருந்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் இருப்பதில் குறுகிய காலத்தை எடுங்கள். ஒரே நாளில் மூன்றை வாங்கினால், எதில் குறை என்று பிரித்தறிய முடியாது.

கேபிள் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு மாதம் இரண்டுக்கும் கட்டுவது வீணல்ல. இரவுத் தொடர் நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், காலைப் பக்திப் பாடல் ஆகிய மூன்று பொழுதிலும் பார்த்துச் சோதியுங்கள். ஸ்ட்ரீமிங் நேரலை கேபிளைவிடச் சிறிது பின்தங்கியே வரும். விக்கெட் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து முதலில் கேட்கும், பந்து வீச்சாளர் உங்கள் திரையில் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பார். இது கோளாறல்ல, காட்சியைத் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்பும் முறையிலேயே அந்தத் தாமதம் இருக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்ள முடியாத கிரிக்கெட் ரசிகர்கள் வீட்டில் இருந்தால், விளையாட்டுச் சேனலை மட்டும் கேபிளில் வைத்துக்கொள்ளலாம்.

8. தானியங்கிக் கட்டணத்தை உங்கள் கட்டுப்பாட்டில் வையுங்கள்

சந்தா வாங்கும்போது யுபிஐ ஆட்டோபே அல்லது கார்டு வழியாகத் தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்பார்கள். திரையில் வரும் தொகையையும் கால இடைவெளியையும் படிக்காமல் பின் எண்ணை அழுத்தாதீர்கள். முதல் மாதம் சலுகை விலையாகவும், அனுமதித் தொகை அதைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம். புதுப்பிக்கும்போது எடுக்கப்படுவது முழு விலை.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இவ்வாறு பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். பொதுவான சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமலேயே எடுக்க முடியும் என்பதால், அந்த அறிவிப்பு ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அதையும் அழித்துவிடாதீர்கள்.

செயலியை டிவியிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பதே மிகப் பரவலான தவறு. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு, ஆட்டோபேயை நீக்குவது வேறு. வேண்டாம் என்று முடிவானால் முதலில் சந்தாவை வாங்கிய இடத்திலேயே ரத்து செய்து, பிறகு யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலுக்குப் போய் அந்த அனுமதியையும் நீக்குங்கள்.

9. பெரியவர்களுக்கு ஏற்றபடி அமையுங்கள்

எல்லாம் சரியாக இருந்தும் இந்த இடத்தில்தான் வீடுகள் மறுபடி கேபிளுக்குத் திரும்புகின்றன. "ஏங்கண்ணு, நம்பரை அமுத்துனா ஒண்ணும் வர மாட்டீங்குது" என்று ஒரு அப்பத்தா ரிமோட்டை நீட்டினால், குறை அவருடையதல்ல. பல ஆண்டுகளாக எண்ணால் சேனலை அறிந்தவரிடம், செயலியைத் திற, பெயரைத் தேர்ந்தெடு, லைவுக்குப் போ என்று மூன்று படிகளைக் கொடுத்திருக்கிறோம்.

டிவியின் முகப்பில் அவர்கள் பார்க்கும் செயலியை முதலாவதாக நகர்த்துங்கள், தேவையற்றவற்றை நீக்குங்கள். பயனரைக் கேட்கும் திரை ஒவ்வொரு முறையும் வந்தால், ஒரே சுயவிவரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் மைக் இருந்தால் தமிழில் சேனல் பெயரைச் சொல்லிப் பாருங்கள்; எழுத்தாகத் தட்டித் தேடுவதைவிட அது அவர்களுக்கு எளிது. வாங்குவதற்கு ஒரு பின் எண் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓகே பொத்தானைத் தொடர்ந்து அழுத்தியே ஒரு படத்தை வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். பிறகு அவர்களே தனியாக, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்க, டிவியை அணைத்துப் போட்டு மாலைத் தொடர் வரை போய்ச் சேரட்டும். சேர முடியவில்லை என்றால் நான்காம் படியில் சொன்ன ஐபிடிவியை யோசியுங்கள்.

10. கடைசியாகக் கேபிளை நிறுத்துங்கள்

நிறுத்தும் முன், ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காத ஒன்று கேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்: உள்ளூர் கேபிள் சேனல். பண்ணாரியில் குண்டம் இறங்குவதையும், கோனியம்மன் தேரையும், ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தையும் விடிய விடியக் காட்டுவதும், ஊருக்குள் நடந்த இறப்புச் செய்தியைக் கீழே ஓடவிடுவதும் அதுதான். வெளியே நடமாட முடியாத பெரியவர்களுக்கு அதுவே ஊர். சில உள்ளூர் சேனல்கள் யூடியூபிலும் நேரலை தருகின்றன. உங்கள் ஊர்ச் சேனல் தருகிறதா என்று ஆபரேட்டரிடம் கேட்டு, தந்தால் அந்தப் பக்கத்தை டிவியின் யூடியூபில் சந்தா செய்து வையுங்கள். தரவில்லை என்றால், இலவசச் சேனல்கள் மட்டும் உள்ள குறைந்த கட்டணத்தில் கேபிளைத் தொடரலாமா என்று கணக்குப் பாருங்கள்.

பல ஊர்களில் கேபிள்காரரே ஃபைபரும் தருகிறார். அப்படியானால் இரண்டும் ஒரே கட்டணமா, கேபிளை மட்டும் நிறுத்தினால் பிராட்பேண்ட் விலை மாறுமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டாப் பாக்ஸ் உங்கள் விலைக்கு வாங்கியதா, முன்பணத்துக்கோ வாடகைக்கோ தந்ததா என்பதைப் பழைய ரசீதில் பாருங்கள். அரசு கேபிள் டிவியின் பெட்டியாக இருந்தால் அது நிறுவனத்தின் சொத்து. பரணில் போட்டுவைக்காமல் அடாப்டர், ரிமோட்டோடு ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்த தேதியையும் பெட்டியின் எண்ணையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்தானே என்று இதைக் கேட்கக் கூச்சப்படுவது வழக்கம். ஆபரேட்டர் மாறினால் அடுத்தவர் உங்களிடம்தான் பெட்டியைக் கேட்பார்.

11. ரத்து செய்தும் பணம் எடுக்கப்பட்டால்

ரத்து செய்த திரையையும், உறுதி செய்யும் மின்னஞ்சலையும், பணம் எடுக்கப்பட்ட குறுஞ்செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் சந்தாவை விற்ற நிறுவனத்துக்கு அதன் செயலியிலுள்ள உதவிப் பகுதி வழியாக எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இருக்காது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம், தமிழிலும் பேசலாம். சந்தாவில் எளிதாகச் சேரவிட்டு வெளியேறும் வழியை ஒளித்துவைப்பதும், கேட்காத ஒன்றைக் கட்டணத்தில் நுழைப்பதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட வணிக உத்திகளாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. புகாரில் அதைக் குறிப்பிட்டு, திட்டத்தின் பெயர், ரத்து செய்த தேதி, எடுக்கப்பட்ட தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றை எழுதிப் பதிவு செய்துவிட்டு, தரப்படும் புகார் எண்ணைச் சந்தா விவரங்கள் எழுதிய அதே தாளில் குறித்து வையுங்கள்.